கம்பிப் பதத்தில் ஒரு கேன் ஆயில்

கோணப்பட்டிச் சமையல் கோஷ்டியைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும். அவர்கள் வைக்கிற சாம்பாருக்கு அரூர் வட்டாரத்தில் ஈடு கிடையாது. ஆனால் அடுப்பை விட்டு நாலடி தள்ளி வந்துவிட்டால், மூன்று பேருக்கும் சேர்த்து ஆண்டவன்தான் துணை. இதை நான் கோள் சொல்லவில்லை. கூடவே போய் அனுபவித்தவன் சொல்கிறேன்.

மூன்று பேரில் பெரியவர் தீர்த்தகிரி மாஸ்டர். சோறு, குழம்பு எல்லாம் அவர் பொறுப்பு. அடுத்தவர் மாதையன், லட்டுக்காரர். சர்க்கரைப் பாகை விரலில் தொட்டு இழுத்துப் பார்த்தே ஒரு கம்பியா, ரெண்டு கம்பியா என்று சொல்லிவிடுவார். மூன்றாவது ஆள் பச்சியப்பன். காய் நறுக்குவார், வண்டி ஓட்டுவார். சொன்னதைச் சொன்னபடி செய்வதுதான் மூன்று பேருக்கும் தொழில் தர்மம். போன வருஷம் ஒரு வீட்டுக்காரர், "நான் சொல்ற வரைக்கும் அடுப்பை அணைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு மறந்துபோனார். கல்யாணம் முடிந்து, பெண்ணை அனுப்பி, மறுவீட்டு விருந்தும் சாப்பிட்டு வந்தார்கள். மூன்றாம் நாள் மண்டபத்துக்காரர் போன் பண்ணுகிறார், "சார், உங்க ஆளுங்க காலி அடுப்புக்கு இன்னும் விறகு போட்டுக்கிட்டு இருக்காங்க, என்ன செய்யட்டும்?" என்று.

நான் டைலர் குணசேகரன். என் கடைக்குப் பக்கத்துக் கடை மெக்கானிக் எத்திராஜுடையது. அவருடைய மகள் தமயந்தியின் கல்யாணத்தில்தான் இவ்வளவும் நடந்தது.

அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே ஒரு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. இந்த இடம் அமைந்ததும் எத்திராஜுக்கு உயிரே திரும்பி வந்த மாதிரி. ஆனால் மாப்பிள்ளையின் பெரியப்பா வையாபுரி என்று ஒருத்தர் இருந்தார். முறைத்துக்கொள்வதற்குக் காரணம் தேடியே அறுபது வருஷத்தை ஓட்டியவர். நிச்சயதார்த்தத்தில் காபியில் சர்க்கரை குறைச்சல் என்று நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் எங்கேயோ மாதையனின் லட்டைச் சாப்பிட்டிருக்கிறார். "மாப்பிள்ளை அழைப்பு அன்னிக்கு என் இலையில அந்த லட்டு இருக்கணும். இல்லேன்னா தாலி கட்டறப்ப நான் மண்டபத்துல இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அவர் எழுந்தால் அந்தப் பக்கத்து சனம் பாதி எழுந்துவிடும். பாவம் எத்திராஜ், அன்றைக்கிலிருந்து லட்டு, லட்டு என்றே தூக்கத்தில் புலம்பினாராம்.

கல்யாணம் மலைக்கோயில் மண்டபத்தில். ஏழு கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். கோஷ்டியிடம் இருந்ததோ ஓடி ஓடித் தேய்ந்த ஒரு பழைய வேன். நீலமாகப் புகை விடும், குடிகாரன் மாதிரி ஆயில் குடிக்கும். நல்ல ஆயிலாகத் தானே மாற்றிவிட வேண்டும் என்று எத்திராஜ் ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தார். கல்யாண அலைச்சலில் மறந்துவிட்டார். மாப்பிள்ளை அழைப்பு அன்றைக்குக் காலை எட்டு மணிக்கு, மலைமேல் வாழைமரம் கட்டும்போது ஞாபகம் வந்திருக்கிறது. போன் பண்ணினார்.

"பச்சியப்பா, டைலர்கிட்ட சாவி வாங்கிக் கடையைத் திற. நான் சொல்றதை ஒண்ணு விடாம எழுதிக்க. உன் இன்ஜின் ஓடித் தேஞ்சு உள்ள இடைவெளி விழுந்திருக்கு. மெல்லிசு ஆயில் ஊத்தினா நிக்காது, இடுக்குல பூந்து எரிஞ்சு புகையாப் போயிடும். கெட்டி ஆயிலா ஊத்து. ரொம்பக் கெட்டியும் ஆகாது, குளிர்ல ஸ்டார்ட் பண்ணா மேல ஏறாது. இன்னொண்ணு, இது ஓடித் தேஞ்ச வண்டிக்குத்தான். புது வண்டிக்கு இதை ஊத்திடாத, இன்ஜின் காலி. மொதல்ல அடியில இருக்கிற பிளக்கைக் கழட்டி, பழைய ஆயிலைக் கடைசிச் சொட்டு வரைக்கும் இறக்கு. புதுசு, குச்சியில இருக்கிற ரெண்டு கோட்டுக்கும் நடுவுல நிக்கணும். பத்து மணிக்குக் கிளம்பிடுங்கப்பா, என் பொண்ணு வாழ்க்கை உங்க கையில இருக்கு."

பச்சியப்பன் ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார். நான் சாவியைக் கொடுத்துவிட்டு மிஷினில் உட்கார்ந்தேன். கல்யாண வீட்டு ஜாக்கெட் நாலு பாக்கி இருந்தது. அன்றைக்கு நான் செய்த பெரிய தப்பு அதுதான்.

இனி நடந்ததை அப்புறம் அவர்களே எனக்குச் சொன்னார்கள். பிளக்கைக் கழற்றி, கீழே ஒரு பழைய உருளியை வைத்தார்கள். ஆயில் கறுப்பாக இறங்கியது. ஒழுகியது. அப்புறம் சொட்டியது. மூன்று பேரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார்கள்.

"இதான் கடைசிச் சொட்டு" என்றார் பச்சியப்பன். இன்னொன்று விழுந்தது.

"அவசரப்படாதே" என்றார் மாஸ்டர். "அடுத்தது வந்துட்டா, முன்னாடி வந்தது கடைசி இல்ல."

"அப்ப எதுதான் மாஸ்டர் கடைசி?"

"எதுக்கு அப்புறம் வரலையோ அது."

"வரலைன்னு எப்பத் தெரியும்?"

மாஸ்டர் குனிந்து பிளக் ஓட்டையைப் பார்த்தார். "அது வராதப்பதான் தெரியும்" என்றார். ஒரு சொட்டு விழுந்தது. மாதையன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இப்படியே ஒன்றே முக்கால் மணி நேரம் போனது. நான் இரண்டு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துவிட்டேன்.

அடுத்தது ஆயில் அளவு பார்க்கிற குச்சி. இன்ஜினில் ஆயிலை ஊற்றிவிட்டுக் குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும். சீட்டில் அப்படி எழுதியிருக்கவில்லை. குச்சியில் கோட்டுக்கு நடுவில் நிற்க வேண்டும் என்றுதான் இருந்தது. பச்சியப்பன் குச்சியை உருவி நீட்டினார். மாதையன் ஒரு கேனைத் திறந்து கரண்டியால் அளந்து அந்தக் குச்சிமேல் ஊற்றினார். ஆயில் வழிந்து தரையில் விழுந்தது. குச்சியைச் சாய்த்துப் பிடித்து ஊற்றினார். அப்போதும் விழுந்தது.

"நிக்க மாட்டேங்குதே!"

"கெட்டி பத்தலை. அவருதான் சொன்னாரே, மெல்லிசா இருந்தா நிக்காதுன்னு."

உடனே எத்திராஜுக்குப் போன். "அண்ணே, கெட்டின்னா எந்தப் பதம்?" என்று கேட்டார் மாதையன். அந்தப் பக்கம் மேளக்காரர்களோடு என்னவோ வாக்குவாதம். "டின்னுல நம்பர் போட்டிருக்கும்யா! இருபது-அம்பது! அதை ஊத்து!" என்று கத்திவிட்டு எத்திராஜ் வைத்துவிட்டார்.

அலமாரியில் இரண்டு கேன் இருந்தது. ஒன்றில் பதினைந்து-நாற்பது, இன்னொன்றில் இருபது-ஐம்பது. மாஸ்டர் இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்தார். வாழ்நாள் பூராவும் இலைக் கணக்கில் சமைத்தவர் அவர்.

"இது இருபதுலேர்ந்து அம்பது பேருக்கு. அது பதினஞ்சுலேர்ந்து நாப்பது பேருக்கு, காதுகுத்து மாதிரி சின்ன விசேஷத்துக்கு."

"நமக்கு நானூறு இலையாச்சே மாஸ்டர்?"

"அப்ப இருபது-அம்பதுல எட்டு கேன் வேணும். இருக்கிறது ஒண்ணு." மாஸ்டர் பெருமூச்சு விட்டார். "என்ன பண்றது, இருக்கிறதை வெச்சு ஒப்பேத்தணும். மாதையா, நல்லாச் சுண்டக் காய்ச்சு. கெட்டியா இருந்தா கொஞ்சத்துலயே எல்லாருக்கும் வரும்."

கறுப்பாகப் புகை என் கடைக்குள் வந்தபோதுதான் நான் மிஷினை விட்டு எழுந்தேன். போய்ப் பார்த்தால், ஐயோ, வேனிலிருந்து கேஸ் அடுப்பை இறக்கி, அதில் வாணலியை ஏற்றி, அரை லிட்டர் இன்ஜின் ஆயிலைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறார்கள்! மாதையன் கரண்டியைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறார். அவர் முகத்தைப் பார்க்கவே சகிக்கவில்லை. இருபத்தாறு வருஷத் தொழிலில் முதல்முறையாகத் தோற்றுப்போன முகம்.

"டைலரண்ணே, இது என்ன அநியாயம்? சூடேற ஏறப் பாகு இறுகணும். இது இளகிக்கிட்டே போகுது. ஒரு கம்பி கூட வரலை."

பக்கத்தில் மாஸ்டர் ஒரு தட்டில் கடலை மாவும் இன்னொரு தட்டில் அரிசி மாவும் வைத்துக்கொண்டு யோசனையில் இருந்தார். "கடலை மாவு கரைச்சு விட்டா கெட்டிப்படும். ஆனா அடி பிடிக்கும். டைலர், இன்ஜின் அடி பிடிக்குமா?"

நான் பாய்ந்துபோய் அடுப்பை அணைத்தேன். "நீங்கள்லாம் மனுஷங்களாய்யா?" என்று கேட்டேன். ஆமாம் என்றார்கள்.

பதினெட்டு வருஷம் மெக்கானிக் கடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் நான், கேட்ட ஞானத்தில் சொன்னேன். "சூடானா எல்லா ஆயிலும் இளகத்தான்யா செய்யும். இளகினாலும் தேஞ்ச இடத்துல பிடிச்சு நிக்கணும், அதுக்குத்தான் அம்பது. காலையில குளிர்ல உறைஞ்சு கிடக்காம மேல ஏறணும், அதுக்கு இருபது. பழைய வண்டிக்கு இதான் கணக்கு. இலைக் கணக்கு இல்ல."

மாஸ்டர் தலையை ஆட்டினார். "அப்ப இது சாம்பாரும் இல்ல, ரசமும் இல்ல. நடுவுல."

"அப்படியே வெச்சுக்கங்க."

பிளக்கை மாட்டி, இருபது-ஐம்பதை என் கையாலேயே ஊற்றி, குச்சியை விட்டுக் காட்டினேன். இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது. மூன்று பேரும் கும்பிட்டார்கள். அதற்குள் மணி பன்னிரண்டு. எத்திராஜ் என்னிடம் போனில் கிட்டத்தட்ட அழுதார். "குணா, நீங்க அவங்க கூடவே வந்துடுங்க. வையாபுரி இப்பவே வாசலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு."

கடையைச் சாத்திவிட்டு ஏறினேன்.

வண்டி போன போக்கைச் சொல்ல வேண்டும். ஒரு துளி நீலப் புகை இல்லை. மலையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று வளைவுகளை அலுங்காமல் ஏறியது. எனக்கு நிம்மதியாகிவிட்டது. அரிசி மூட்டையில் சாய்ந்து கண்ணை மூடினேன். ஆறாவது வளைவு தாண்டி வண்டி நின்றது. டீ குடிக்க நிறுத்தியிருக்கிறார்கள் என்று நினைத்து, இறங்கி ஓரமாக ஒதுங்கிவிட்டு வந்தேன்.

வந்து பார்த்தால் பச்சியப்பன் வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறார். உருளியில் ஆயில் கொடகொடவென்று இறங்கிக்கொண்டிருக்கிறது. நான் ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால் ஊற்றிய அதே ஆயில்!

"அடப்பாவிகளா! என்னய்யா பண்றீங்க?"

மாஸ்டர் என் கையைப் பிடித்து மரியாதையாக முன்சீட்டுக்குக் கூட்டிப்போய் மீட்டரைக் காட்டினார். ஓடிய கிலோமீட்டரைக் காட்டுகிற பழைய காலத்து மீட்டர், அஞ்சு கட்டம்தான். தொண்ணூற்று ஒன்பதாயிரத்துச் சொச்சத்தில் இருந்தது இப்போது அஞ்சும் சைபராக நின்றது.

"வண்டி புதுசாயிடுச்சு டைலர்" என்றார் மெதுவாக, தூங்குகிற குழந்தை எழுந்துவிடும் என்பது போல.

பச்சியப்பன் அடியிலிருந்து சீட்டை நீட்டினார். "புது வண்டிக்கு இதை ஊத்திடாத, இன்ஜின் காலி. அண்ணன் சொன்னது. நல்லவேளை, நான் மீட்டரைப் பாத்துக்கிட்டே ஓட்டினேன்."

"யோவ், லட்சம் ஓடினா மீட்டர் சுத்தி சைபருக்கு வரும்யா! இந்த வண்டிக்கு இது ஏற்கெனவே ரெண்டு தடவை சுத்தினதுன்னு எத்திராஜே சொல்லியிருக்காரு."

"அப்ப இது மூணாவது பிறவி" என்றார் மாதையன்.

எனக்குத் தலை சுற்றியது. "கணக்கு சுத்தினா புதுசாயிடுமா? மனுஷனுக்கு அறுபது வருஷம் சுத்தினா அவன் மறுபடி இளவட்டமா?"

மாஸ்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பின்ன? அறுபது முடிஞ்சா மாலை போட்டு, மணையில உக்கார வெச்சு, மறுபடி தாலி கட்டச் சொல்றாங்களே, அது எதுக்கு? எத்தனை அறுபதாம் கல்யாணத்துக்கு நானே சமைச்சிருக்கேன். அன்னிக்கு அவரு மாப்பிள்ளை இல்லையா?"

எத்திராஜே சொல்லட்டும் என்று போனை எடுத்தேன்.

போனில் சிக்னல் இல்லை. மணி ஒன்றே முக்கால். மேலே நானூறு பேருக்குச் சமைத்தாக வேண்டும், மெல்லிசு ஆயிலுக்கு இந்த மலையில் எங்கே போவது? நான் பாறையில் உட்கார்ந்து தலையில் கையை வைத்தேன். தமயந்தி சின்னப் பெண்ணாக இருந்தபோதிலிருந்து பள்ளிக்கூடப் பாவாடை தைத்துக் கொடுத்தவன் நான். அந்தப் பெண்ணை நினைத்து எனக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. என் முகத்தைப் பார்த்து மாதையன், "அண்ணனுக்கு மயக்கம் போல, டீ போடறேன்" என்றார். பச்சியப்பன் பிளக்கை மாட்டிவிட்டு வெளியே வந்தார். கேஸ் அடுப்பைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்ததால், மாதையன் அடுப்புக் கூட்ட மூன்று கல் தேடினார். இரண்டு கல் கிடைத்தது. மூன்றாவது கல்லைச் சக்கரத்துக்கு அடியிலிருந்து உருவினார்.

வண்டி பின்னால் போனது. "பிடிடா, பிடிடா!" என்று நான் ஓட, இருபதடி உருண்டு ஒரு புளியமரத்தில் முட்டி நின்றது. பாத்திரங்கள் எல்லாம் ஒரு ஜதி போட்டு அடங்கின.

பச்சியப்பன் எட்டி மீட்டரைப் பார்த்தார். துள்ளிக் குதித்தார். "மாஸ்டர்! தொண்ணூத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொன்பது! வண்டி பழசாயிடுச்சு!"

"ஊத்துடா கெட்டி ஆயிலை!" என்றார் மாஸ்டர்.

உருளியில் பத்திரமாக இருந்த ஆயிலை மூன்று பேரும் துணியில் வடிகட்டி ஊற்றினார்கள். வடிகட்டுவதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. வண்டி கிளம்பியது. நானும் சாமியைக் கும்பிட்டு ஏறினேன். இருபதடி போனது. அஞ்சு சைபர். பச்சியப்பன் பிரேக்கை அழுத்தி, இறங்கி, உருளியை எடுத்துக்கொண்டு அடியில் போகப் பார்த்தார்.

நான் அவர் காலைப் பிடித்து இழுத்தேன். மணி மூன்று. கோபப்பட்டுப் பிரயோஜனம் இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. பூஜைச் சாமான் பையிலிருந்து சந்தனத்தைக் குழைத்து மீட்டர் கண்ணாடி முழுக்க அப்பினேன். நடுவில் குங்குமம் வைத்தேன். மீட்டர் மறைந்துவிட்டது.

"மாஸ்டர், இப்ப வண்டிக்கு என்ன வயசு?"

"தெரியலையே."

"வயசு தெரியாத ஆளைப் பாத்தா எப்படிப் பேசுவீங்க?"

"பெரியவராத்தான் இருக்கும்னு மரியாதையாப் பேசுவோம்."

"அப்ப?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாஸ்டர் வண்டியின் முகப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பெரியவரு. கெட்டி ஆயிலே இருக்கட்டும்" என்றார்.

மூன்றரைக்கு மண்டபம் போய்ச் சேர்ந்தோம். எத்திராஜ் வாசலில் வேர்த்து விறுவிறுத்து நின்றார். வையாபுரி நாற்காலியை ஏற்கெனவே சுவரைப் பார்க்கத் திருப்பிவிட்டார். ஆனால் அடுப்பு பற்றியதும் அவர்கள் வேறு ஆட்கள். ஏழு மணிக்கு நானூறு இலையும் விழுந்தது. மாதையனின் லட்டில் முதலாவதை வையாபுரி சுவரைப் பார்த்தபடியே சாப்பிட்டார். மூன்றாவதுக்கு நாற்காலியைப் பாதி திருப்பினார். அஞ்சாவதுக்கு முழுசாகத் திரும்பி, எத்திராஜைப் பார்த்து, "சம்பந்தி, நீங்களும் உக்காந்து சாப்பிடுங்க" என்றார். எத்திராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையற்கட்டுக்கு ஓடி மூன்று பேரையும் கட்டிப்பிடித்துக்கொண்டார். மறுநாள் காலையில் தாலி கட்டும்போது முதல் அட்சதை வையாபுரி போட்டதுதான்.

இங்கேயே முடிந்திருக்க வேண்டிய கதை. கல்யாணம் முடிந்து நான் சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள், பச்சியப்பன் வண்டியைச் சுத்தமாகக் கழுவியிருந்தார். மீட்டர் கண்ணாடியையும் சேர்த்து. இரண்டு கிலோமீட்டர் வயசுள்ள பச்சைக் குழந்தையாக வண்டி நின்றது.

நான் பயந்துபோய் உருளியைத் தேடினேன். மாஸ்டர் அமைதியாக இருந்தார். "கவலைப்படாதீங்க டைலர். நேத்திக்கே வழி கண்டுபிடிச்சாச்சு. பின்னாடி உருண்டப்ப வண்டி பழசாச்சா இல்லையா?"

ஏழு கொண்டை ஊசி வளைவையும் ரிவர்ஸில் இறங்கினோம். எதிரே வந்த பஸ்காரர் என்ன திட்டினார் என்பதை எழுத முடியாது. அடிவாரம் வந்ததும், "அப்பாடா, இப்ப நல்லாப் பழசாயிடுச்சு, திருப்புங்க" என்றேன். திருப்பி முன்னால் போனால் வீடு சேர்வதற்குள் மறுபடி புதுசாகிவிடும் என்று பச்சியப்பன் கணக்குச் சொன்னார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. இருபத்திரண்டு கிலோமீட்டரும் பின்னாலேயே வந்தோம். என் கழுத்து ஒரு வாரம் திரும்பவில்லை.

அன்றிலிருந்து அந்த வண்டிக்கு அதுதான் சட்டம். சமைக்கப் போகும்போது முன்னால் போகும், திரும்பும்போது பின்னால் வரும். வயசு ஏறவே இல்லை.

ஆறு மாதம் கழித்து மூன்று பேரும் எத்திராஜ் கடை வாசலில் வந்து நின்றார்கள். பாதித் தூரம் பின்னால்தான் ஓட்டுகிறோம், இருட்டிவிட்டால் ரோடு தெரியவில்லை, முன்னால் இருக்கிற லைட்டில் ஒன்றைக் கழற்றிப் பின்னால் மாட்டிக்கொடுங்கள் என்றார்கள். எத்திராஜ் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. வையாபுரி.

"சம்பந்தி, தமயந்திக்கு வளைகாப்பு தேதி குறிச்சாச்சு. லட்டுக்கு அதே ஆளுங்கதானே?"

எத்திராஜ் போனை வைத்துவிட்டு வாயை மூடினார். ஸ்பானரை எடுத்துக்கொண்டு வந்து முன்லைட்டைக் கழற்ற ஆரம்பித்தார். "வைப்பரும் ஒண்ணு பின்னாடி வேணுமா?" என்று கேட்டார்.